ஆள் உயரப் புல்

பசு எலும்பு தின்னும் என்று யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால், போய் வேறு ஆளைப் பாருங்கள் என்று சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதுவும் ஊர் மேயும் யாருடைய மாடோ இல்லை. என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த, நான் என் கையால் தவிடு வைத்து வளர்த்த செவலைக் கிடாரி. கொல்லிமலையில், பங்குனி மாத வெயிலில், முழ நீள எலும்பு ஒன்றைக் கடைவாயில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, கண்ணைச் செருகி, நறநறவென்று அரைத்துக்கொண்டு நின்றது. எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. இத்தனை வருஷம் கழித்தும், பக்கத்தில் யாராவது முறுக்கு கடித்தால் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். ஏன் என்று வீட்டில் கேட்பார்கள். பல் கூச்சம் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் ஊர் மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சிக்குப் பக்கம். எனக்கு இருபது வயது இன்னும் முடியவில்லை. வாய் மட்டும் நாற்பது வயதுக்கு இருந்தது. புகுந்த வீட்டில் நிலம் அவர்களுடையது, எருது அவர்களுடையது, நான் சோறாக்கும் சட்டிகூட அவர்களுடையது. அந்தக் கிடாரி ஒன்றுதான் என்னுடையது. அதன் கன்றும் எனக்கே என்று கல்யாணப் பந்தலிலேயே இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். அந்த வைகாசிக் கடைசியில் அது முதல்முறையாகச் சினை பிடித்தது. என்னைப் பிடிக்க ஆள் இல்லை. எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மழை மட்டும் வரவில்லை. காட்டில் புல் கருகி, கரட்டு மேட்டில் ஆடு கடிக்கக்கூட ஒன்றும் இல்லாமல் போனது. வைக்கோலையும் தவிட்டையும் உழவு எருதுகளுக்கென்று என் வீட்டுக்காரர் அளந்து வைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் மலைமேல் குண்டனி நாட்டு விவசாயி ஒருவர் வழி சொன்னார். வாழைத்தாரும் மிளகும் எடுத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சுமையை இறக்கி வைத்து மோர் குடிப்பார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"மலையில புல்லு கெடக்குதுங்க, அம்மணி. ஓட்டியாந்து உடுங்க. கன்னு போடற மாசத்துல வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

ஆனி மாதம் நானும் என் வீட்டுக்காரருமாக ஓட்டிக்கொண்டு ஏறினோம். விடியலில் கிளம்பி, பொழுது சாய்கிற நேரத்துக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு சரிவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஒரே பச்சை. புல் என் இடுப்புக்கு மேல் நின்றது. இன்னும் இரண்டு மாதத்தில் ஆள் உயரம் போகும் என்றார் அண்ணன். கீழே எங்கள் ஊரில் விரல் நீளப் புல்லுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே இவ்வளவு புல் கேட்பாரில்லாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தச் சரிவுக்குக் கீழே அண்ணனுடைய மாடுகள் தரிசில் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கே புல் தரையோடு தரையாக இருந்தது. அருகும் கொழுக்கட்டைப் புல்லும், நடுநடுவே நரிப்பயற்றுக் கொடியும். மாடுகளும் அதற்கேற்ற மாதிரி குட்டை. என் வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்கண்ணா, இந்தப் புல்லைத் தின்னுதான் உங்க மாடெல்லாம் இப்படிக் குட்டையாப் போச்சா?" என்றேன்.

அண்ணன் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். அக்கா என்று கூப்பிட்டேன். "இந்த மலை மாட்டோட அளவே இவ்வளவுதான் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

என் மாட்டை மேல்சரிவில்தான் விட வேண்டும் என்று நான் சொன்னதும் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அது கூரைப்புல்லுங்க. எளசா இருக்கற மட்டும் மாடு ஆசையாத் திங்கும். பூ உட்டுட்டா அதுல ஒண்ணும் இல்லீங்க. நாங்க ஊட்டுக்குக் கூரை போடத்தான் வெச்சிருக்கறோம்" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கூரைக்குப் புல் குறைந்துவிடுமே என்று மனிதர் சுற்றி வளைக்கிறார்! நல்ல புல்லைத் தன் வீட்டுக்கு மிச்சம் பிடித்துக்கொண்டு, தன் மாடு மிதித்த தரிசில் என் மாட்டையும் சேர்த்துவிடப் பார்க்கிறார்!

இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. முந்தின வருஷம் எங்கள் தெருவிலிருந்து மலைக்குப் போன மாடு ஒன்று ஏதோ செடியைக் கடித்து, வயிறு உப்பிச் செத்துப்போனது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, நான் சத்தியம் கேட்டேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பலாமரத்தடியில் அம்மன் கல் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றச் சொன்னேன். "அந்தச் சரிவுப் புல்லையும் தண்ணியையும் தவிர இந்த மாடு வேற எதுலயும் வாய் வைக்க விடமாட்டேன்னு சொல்லி அணைங்கண்ணா" என்றேன். அண்ணன் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு நான் சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

அந்தச் சத்தியத்தை, யாருக்காகச் செய்தாரோ அவரே வந்து அதே இடத்தில் கற்பூரம் ஏற்றி விடுவித்தால்தான் உண்டு. மீறினால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

இறங்கும்போது என் வீட்டுக்காரர், "கொஞ்சம் தவுடாவது கொண்டாந்து குடுத்திருக்கலாம் புள்ளே" என்றார்.

"ஆள் ஒசரப் புல்லு நிக்கறப்பத் தவுடு எதுக்குங்க மாமா? உங்க எருதுக்கே வெச்சுக்கங்க" என்றேன். மலைப் பாதையில் அன்று நான் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினேன்.

ஆடியில்தான் எனக்கும் மூன்று மாதம் என்பது உறுதியானது. மாடும் நானும் ஒரே சமயத்தில் சுமக்கிறோம் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். ஐந்தாம் மாதம் வந்ததும் எனக்கு ஒரு வெட்கங்கெட்ட ஆசை பிடித்துக்கொண்டது. அடுப்புச் சாம்பல். யாரும் இல்லாத நேரம் பார்த்து, அடுப்பு ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வேன். அது கரையும்போது வருகிற நிம்மதியை என்ன சொல்வது! ஒரு சிட்டிகை ஒரு பிடியானது. புடவை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு காட்டுக்குப் போகும்போதும் தின்றேன். திருடி மாதிரி வாயைத் துடைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில் ஒரு சந்தை நாளன்று மலையிலிருந்து அக்கா இறங்கி வந்தார். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் மாட்டை விசாரித்தேன்.

"இப்ப நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா புல்லு பூ உட்டுருச்சு" என்றார்.

"பூ விட்டா அழகாத்தானே இருக்கும்" என்று சிரித்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முந்தானையால் என் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். துணியில் சாம்பல். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று சந்தை கழித்து, அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் வாழைத்தாரோடு ஒரு சாக்குப் பையையும் கொண்டுவந்து இறக்கினார். பை நிறையக் கேழ்வரகு. புது அறுப்பு. "மாசமா இருக்கறவங்களுக்குக் களி கிண்டித் தரச் சொன்னாங்க. தெனமும் திங்கோணுமாம்" என்றார். அப்புறம், ஞாபகம் வந்தவர் போல, "பையைச் சும்மா திருப்பிக் குடுக்க வேண்டாமாம். உங்க கையால தவுடு போட்டுக் குடுக்கச் சொன்னாங்க, மாட்டுக்கு" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பாருங்கள் சாமர்த்தியத்தை! இங்கே எருதுக்கே தவிடு அளந்து வைக்கிறோம். இவர்கள் ஒரு பை கேழ்வரகைக் கொடுத்துவிட்டுத் தங்கள் குட்டை மாடுகளுக்குத் தவிடு வாங்கப் பார்க்கிறார்கள். எந்த மாட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். "எங்க மாட்டுக்குத்தான் ஆள் ஒசரப் புல்லு இருக்குதே, அவங்க மாட்டுக்கு நான் எங்க போறது?" என்று சொல்லி, கேழ்வரகைப் பானையில் கொட்டிக்கொண்டு, பையை நன்றாக உதறி, நாலாக மடித்து, ஒரு சிவப்பு நூலால் கட்டிக் கொடுத்தனுப்பினேன். மடிப்பு நேர்த்தியாக இருக்க வேண்டும் எனக்கு.

கேழ்வரகுக் களியைத் தினமும் தின்றேன். சாம்பல் ஆசை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஏன் போனது என்று நான் யோசிக்கவே இல்லை.

தை மாதம், மாட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி மலையிலிருந்து இன்னொரு தடவை ஆள் வந்தது. அன்று காலையில்தான் எனக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நல்ல கொழுகொழுவென்று, கை காலை உதைத்துக்கொண்டு. அந்தச் சந்தோஷத்தில் வந்தவருக்கு வெல்லம் கொடுத்து, "பொறவு வாரோமுங்க" என்று என் வீட்டுக்காரர் அனுப்பிவிட்டார்.

பங்குனி பிறந்ததும் கிளம்பினோம். குழந்தையை என் வீட்டுக்காரர் மார்போடு துணியில் கட்டிக்கொண்டு ஏறினார். கொழுத்த மாட்டையும் அது போடப்போகும் கன்றையும் நினைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கழுத்தில் கட்ட ஒரு புதுக் கயிறுகூடத் திரித்து எடுத்துப் போயிருந்தேன்.

சரிவில் புல் அண்ணன் சொன்ன மாதிரியே ஆள் உயரத்துக்கு நின்றது. ஆனால் பச்சை இல்லை. காய்ந்து, தங்க நிறத்தில், தண்டெல்லாம் குச்சியாக. உள்ளே நுழைந்தால் கையைக் கீறியது. அந்தப் புல்லை விலக்கிக்கொண்டு போனபோதுதான் நறநறவென்ற சத்தம் கேட்டது. விலக்கிப் பார்த்தேன். என் செவலை. விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். வயிறு மட்டும் பெரிதாக. ரோமம் மங்கி, முன்னங்கால் இரண்டும் மரக்கட்டை போல விறைத்து நின்றது. வாயில் எலும்பு.

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. குழந்தை வீரிட்டு அழுதது. நான் ஓடிப்போய் எலும்பைப் பிடித்து இழுத்தேன். அது விடவில்லை. தவிட்டுக் கூடையைப் பார்த்தால் துள்ளி வருகிற என் மாடு, என்னை யாரென்றே தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டு, அந்த எலும்பை மட்டும் இறுகக் கடித்துக்கொண்டு நின்றது. காட்டில் எப்போதோ செத்த கடமான் எலும்பாக இருக்க வேண்டும். பசு வாயில் மான் எலும்பு! என் அப்பா பொட்டு வைத்து, மாலை போட்டுக் கொடுத்த மாட்டின் வாயில்!

சத்தம் கேட்டு அண்ணனும் அக்காவும் ஓடி வந்தார்கள். நான் அவர்களை என்ன சொன்னேன் என்பதை இங்கே முழுதும் எழுத மாட்டேன். எழுதக் கூசுகிறது. பட்டினி போட்டுக் கொன்றுவிட்டீர்கள் என்றேன். நம்பிக் கொடுத்த மாட்டைப் பேயாக்கிவிட்டீர்கள் என்றேன். உங்கள் மாடெல்லாம் மட்டும் எப்படி மினுமினுவென்று இருக்கிறது என்று கேட்டேன். அது உண்மை. கீழே தரிசில் அவருடைய குட்டை மாடுகள் முதுகில் தண்ணீர் ஊற்றினால் வழுக்கும்படி நின்றன.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் பேசினார். அதுவரைக்கும் அவர் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

"வா கண்ணு, வந்து பாரு" என்று என் கையைப் பிடித்துச் சரிவின் கீழ் விளிம்புக்கு இழுத்துப் போனார். அங்கே தரிசின் வரப்பை ஒட்டி மண் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. மாட்டுக் குளம்புத் தடம். ஒரே இடத்தில் நின்று நின்று தேய்ந்த தடம். "உங்க மாடு தெனமும் இங்க வந்து நின்னுதான் கழுத்தை நீட்டும். ஒரு எட்டு வெச்சா அருகம்புல்லு, கொடி, அறுத்த தாளு எல்லாம் இருக்குது. இவரு குச்சியை வெச்சு மறிச்சுக்கிட்டு நிப்பாரு. நின்னுக்கிட்டே அழுவாரு. நான் சாமைத் தவுடு கொண்டாந்தா என்னையும் அடிக்க வருவாரு. சத்தியம் பண்ணிருக்கறேன்டீன்னு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை.

அக்கா கீழே கிடந்த சாணியை ஒரு குச்சியால் உடைத்துக் காட்டினார். என் மாட்டுச் சாணி வறட்டி போலக் கெட்டியாக, உள்ளே தின்ற குச்சி தின்றபடியே இருந்தது. "வயிறு நெறையத்தான் தின்னுச்சு கண்ணு. நெறைஞ்சு என்ன? வெதை கொட்டின பொறவு இந்தப் புல்லுல என்ன இருக்குது? கூரையைப் பிரிச்சுத் தின்னாப்பலதான். உள்ள ஒரு உசுரு வேற எலும்பு கேக்குது. அது எங்க போகும்?"

"ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?" என்றேன்.

"அனுப்பினமே. நீங்க உங்க கையால தவுடு குடுத்தனுப்பினா, அதை வெக்கறது சத்தியத்தை மீறினதாவாதுன்னு இவரு சொன்னாரு. அதுக்குத்தான் பையைக் குடுத்துவிட்டோம்."

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நான் உதறி, மடித்து, நூல் கட்டின கை இதே கைதான்.

உட்கார நேரம் இல்லை என்று அக்கா என்னை எழுப்பினார். பலாமரத்தடிக்குப் போனோம். கற்பூரம் ஏற்றும்போது காற்றில் மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை பிடித்தது. "நான் வாங்கின சத்தியத்தை நானே விட்டுட்டேன், தாயே. இவங்க மேல ஒரு குத்தமும் இல்லை" என்று சொல்லி, நானே உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சுட்டது. ஆனியில் அண்ணனுக்கும் இப்படித்தான் சுட்டிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

அண்ணன் திரும்பிப் பார்க்காமல் சரிவுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் என் மாடு வரப்பைத் தாண்டித் தரிசில் நின்றது. முன்னங்காலை மடக்க முடியாமல், சாய்ந்து சாய்ந்து, தரையோடு ஒட்டிய அந்தப் புல்லை நக்கி நக்கித் தின்றது. நான் கேலி செய்த புல்.

மாட்டால் மலை இறங்க முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் பேளுக்குறிச்சிச் சந்தை. என் வீட்டுக்காரர் மட்டும் இறங்கி, அங்கே வந்திருந்த மாட்டு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மூட்டைத் தவிட்டையும் சுமந்துகொண்டு ஏறி வந்தார். மனிதர் முகம் வெளுத்திருந்தது.

"எலும்பு குடுக்கச் சொல்றாரு, புள்ளே" என்றார்.

"என்னது?"

"பச்சை எலும்பு ஆகாதாம். அதைக் கடிச்சா வெஷமாகி மாடு உழுந்துருமாம். எலும்பைத் தீயில வெள்ளையாகற மட்டும் சுட்டு, இடிச்சுச் சலிச்சுத் தவுட்டுல கலந்து வெக்கோணுமாம். புல்லுல இல்லாததைத்தான் மாடு எலும்புல தேடுதாம்."

எங்கள் வீட்டில் எலும்பு என்றால் வாசலுக்கு வெளியே. நாய் கொண்டுவந்து போட்டால்கூடச் சாணம் தெளிப்போம். அதைப் பசுவுக்கு வைப்பதா? என் வீட்டுக்காரர் தொட மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் போனேன். புல்லுக்குள் புகுந்து தேடி, நான் பிடுங்கி எறிந்த அந்த எலும்பையும் இன்னும் நாலைந்தையும் பொறுக்கி வந்தேன். விறகடுக்கிச் சுட்டேன். அந்த நாற்றம் என் தலைமுடியில் ஏறி மூன்று முழுக்குப் போட்டும் போகவில்லை. ஆறினதும் பாறையில் வைத்துக் கல்லால் இடித்தேன். இடிக்க இடிக்க, வெள்ளையாக, மெத்தென்று வந்தது.

அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அடுப்போரத்துச் சாம்பல்! அதே நிறம். என்னை அறியாமல் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தார். "உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க கண்ணு, சாம்பல் திங்கோணும்னு? ஒடம்பு கேட்டுச்சு, தின்னீங்க. அதுவும் அப்படித்தான்" என்றார். குழந்தையின் காலை நீவிவிட்டு, "புள்ளைக்குக் காலு நல்லாத் தெடமா இருக்குது" என்றார். அவர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சாம்பல் கலந்த தவிட்டை மாடு கூடையோடு நக்கித் தின்றது. ஐந்தாறு நாளில் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எலும்பைத் தேடுவது நின்றது. பிழைத்துவிடும் என்றார் அண்ணன். நானும் நம்பினேன். கன்று பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில் கன்று போட்டது. கிடாரிக் கன்று, தாயைப் போலவே செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தாய் நக்கிக் கொடுத்தது. கன்று எழப் பார்த்தது. முன்னங்கால் முட்டியில் வளைந்து மடங்கியது. மறுபடி எழுந்தது. மடங்கியது. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தோம். பிடித்திருக்கும் வரைக்கும் நின்றது. விட்டால் விழுந்தது. தொட்டுப் பார்த்தால் கால் எலும்பு வாழைத்தண்டு போல இருந்தது.

மண் ஈரமாக இருக்கிறது, கீழே ஏதாவது விரிக்க வேண்டும் என்றேன். அக்கா வீட்டுக்குள் போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஒன்றை எடுத்து வந்தார். சாக்குப் பை. நாலாக மடித்து, சிவப்பு நூலால் கட்டியது. முடிச்சுக்கூட அவிழ்க்கவில்லை. கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும் அது அப்படியே ஆணியில் தொங்கியிருக்கிறது.

"நீங்க வர்றப்ப உங்க கையிலயே குடுக்கலாம்னு வெச்சிருந்தேன் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அறுத்து, விரித்துக் கன்றுக்கு அடியில் போட்டார்.

நான் வாய்விட்டு அழுதேன். வாழ்க்கையில் பிறர் முன்னால் நான் அப்படி அழுதது அந்த ஒரு தடவைதான். மூன்று நாள், பாலைப் பீச்சிக் கையால் ஊட்டினேன். என் குழந்தைக்கு ஒரு பக்கம், கன்றுக்கு ஒரு பக்கம் என்று ஓடினேன். நாலாம் நாள் விடிந்ததும் பார்த்தபோது கன்று விறைத்துக் கிடந்தது. தாய் அப்போதும் நக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையிலேயே சுற்றி, பலாமரத்துக்கு அப்பால் அண்ணன் குழி வெட்டினார்.

மாடு நடக்கத் தெம்பு வந்ததும் சித்திரையில் இறங்கினோம். நான் திரித்துக்கொண்டு போன புதுக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டினேன். கிளம்புகிற நேரத்தில் அக்கா உள்ளேயிருந்து தன் பழைய புடவைத் துணியில் ஒரு மூட்டை கட்டி எடுத்து வந்தார்.

"கேவுருங்க. புள்ளைக்குப் பல்லு மொளைக்கறப்பக் கூழு காச்சிக் குடுங்க கண்ணு. பை இல்லீங்க, துணியிலதான் கட்டியிருக்கறேன்" என்றார்.

வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை. அக்கா கொஞ்ச நேரம் மூட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு அதை என் வீட்டுக்காரர் தோளில் மாட்டிவிட்டுத் தரிசுக்கு மாடு ஓட்டப் போய்விட்டார்.